பத்திரத்தில் 'மோர் ஃபுல்லி'... முழுசுக்கு மேல் முழுசு உண்டா? மனை வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒரு வார்த்தை

திருவிடந்தை:

கிரைய பத்திரம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால் அதில் அநேகமாக ஒரு வரி இருக்கும். 'மோர் ஃபுல்லி டிஸ்கிரைப்டு இன் தி ஷெட்யூல் ஹியர்அண்டர்' என்பதுதான் அந்த வரி. பத்தாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவருக்கும் இதை பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். 'ஃபுல்' என்றால் முழுசு. முழுசாக சொல்லியாச்சு என்றால் அதற்கு மேல் என்ன 'மோர்'?

வேடிக்கையான கேள்வி மாதிரி தெரியும். ஆனால் லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் மனை எங்கே இருக்கிறது என்பதே இந்த 'மோர்' என்ற சொல்லில்தான் தொங்கிக்கொண்டு இருக்கிறது.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கிழக்கு கடற்கரை சாலையை ஒட்டி இருக்கிறது திருவிடந்தை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நித்யகல்யாண பெருமாள் கோவில் உள்ள ஊர். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையோடு வந்து வேண்டிக்கொண்டு போவார்கள். 2018-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ராணுவ தளவாட கண்காட்சி நடந்ததும் இங்கேதான். கோவில், கடல், சாலை என்று மூன்றும் இருக்கிற ஊரில் நிலத்துக்கு மவுசு இருக்கத்தானே செய்யும்! அரை கிரவுண்டு, கால் கிரவுண்டு என்று சீட்டு பணத்தை போட்டு மனை வாங்குகிறவர்களும் இந்த பக்கம் வருகிறார்கள். அவர்களில் பலர் ஆங்கிலத்தில் உள்ள பத்திரத்தை முழுசாக படிக்காமலேயே கையெழுத்து போடுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் சொன்னது என்ன?

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் ஒரு விதி சொல்லிக்கொடுத்திருப்பார். 'ஃபுல்', 'பெர்ஃபெக்ட்', 'கம்ப்ளீட்', 'யூனிக்' போன்ற சொற்கள் உச்சத்தை காட்டுபவை. அவற்றுக்கு முன்னால் 'மோர்', 'மோஸ்ட்' போடக்கூடாது. போட்டால் சிவப்பு மையால் ஒரு கோடு விழும். அவற்றில் இருந்து பிறக்கும் 'ஃபுல்லி', 'பெர்ஃபெக்ட்லி', 'கம்ப்ளீட்லி' போன்ற சொற்களுக்கும் இதே கதைதான்.

இந்த விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. குடம் நிறைந்துவிட்டால் நிறைந்ததுதான். அதற்கு மேல் ஊற்றினால் வழியும்.

ஆனால் பேச்சு வழக்கு இந்த விதிக்கு கட்டுப்படுவதில்லை. கோவளம் ஸ்டாப்பிங்கில் சாயங்கால நேரம் பஸ் வந்து நிற்கிறது. "பஸ்சு ஃபுல்லு, அடுத்த பஸ்ல வாங்க" என்கிறார் கண்டக்டர். அதற்குள் நாலு பேர் ஏறிவிடுகிறார்கள். அடுத்த ஸ்டாப்பிங்கில் இன்னும் மூணு பேர். இப்போது பஸ் முன்னைவிட ஃபுல். கண்டக்டர் பொய் சொன்னார் என்று யாராவது சண்டைக்கு போவார்களா? போகமாட்டார்கள். 'ஃபுல்' என்று அவர் சொன்னது சுவர் மாதிரி ஒரு முடிவை அல்ல, முடிவை நெருங்கிவிட்ட நிலையை.

ஆங்கிலத்தில் 'மோர் ஃபுல்லி' என்று சொல்வதும் இப்படித்தான். 'முழுமைக்கும் மேலே' என்று அதற்கு அர்த்தம் இல்லை. 'முழுமைக்கு இன்னும் பக்கத்தில்' என்றுதான் அர்த்தம். தமிழில் 'இன்னும் விவரமாக' என்று சொன்னால் கச்சிதமாக பொருந்தும்.

இலக்கண பக்கம் பார்த்தால் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்' போன்ற குட்டி சொற்கள் 'ஃபாஸ்டர்', 'ஹார்டர்' என்று வாலை நீட்டிக்கொள்ளும். 'லி' என்று முடிகிற சொற்கள் பெரும்பாலும் அப்படி நீளாது. முன்னால் 'மோர்' போடவேண்டும். அதனால்தான் 'மோர் ஃபுல்லி'.

நம் தமிழில் இந்த வால் நீட்டுகிற வேலையே கிடையாது. 'அதைவிட நல்லது', 'இதைக்காட்டிலும் பெரியது' என்று சொல்லி முடித்துவிடுவோம். 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் ஐந்தாம் வேற்றுமைக்கு நான்கு பொருள் சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்பவைதான் அவை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவதும், ஒன்றுக்கு எல்லை சொல்வதும் ஒரே வேற்றுமையில் வருகிறது பாருங்கள். பத்திரத்திலும் இந்த ரெண்டு வேலையும்தான் நடக்கிறது.

எதைவிட முழுமை?

'மோர்' என்று சொன்னால் எதையோ எதோடோ ஒப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். பத்திரத்தில் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்?

திருவிடந்தை பக்கம் 1,200 சதுர அடி மனை ஒன்றை ஒரு கொத்தனார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தின் முதல் சில பக்கங்களில் விற்பவர் யார், வாங்குபவர் யார், விற்பவருக்கு இந்த சொத்து எப்படி வந்தது, எவ்வளவு பணம் கைமாறியது என்பதெல்லாம் இருக்கும். சொத்தை பற்றி 'இன்ன கிராமத்தில் உள்ள 1,200 சதுர அடி காலி மனை' என்று ஒரே வரியில் தொட்டுவிட்டு போவார்கள். அதை ஒட்டித்தான் 'மோர் ஃபுல்லி டிஸ்கிரைப்டு' வரும். அதாவது, 'இங்கே சுருக்கமாக சொன்னோம், முழு விவரத்தை கடைசியில் இருக்கும் ஷெட்யூலில் பார்த்துக்கொள்' என்று பத்திரமே கைகாட்டி விடுகிறது.

தமிழ் பத்திரங்களில் இந்த ஷெட்யூலுக்கு பெயர் 'தபசில்'. அரபு, உருது வழியாக வந்த சொல். அதன் அர்த்தமே 'விரிவான விவரம்' என்பதுதான். 'இதனடியில் தபசிலில் கண்ட சொத்து' என்று நம்ம ஊர் பத்திர எழுத்தர்கள் எழுதுவார்கள். அதில் 'மோர்' என்ற குழப்பமே இல்லை.

தபசில் பகுதியில்தான் சொத்து உயிரோடு இருக்கிறது. பதிவு மாவட்டம், சார்பதிவகம், வட்டம், கிராமம், சர்வே எண், அதன் உட்பிரிவு, மனை எண், நான்கு பக்க எல்லை, ஒவ்வொரு பக்கமும் எத்தனை அடி, மொத்தம் எத்தனை சதுர அடி என்று எல்லாம் அங்கே வரவேண்டும். 1908-ம் ஆண்டு பதிவு சட்டத்தின் 21-வது பிரிவு, சொத்தை அடையாளம் காணும் அளவுக்கு விவரம் இல்லாத பத்திரத்தை பதிவுக்கு ஏற்கக்கூடாது என்கிறது.

ஆக, பத்திரத்தின் முன்பக்கத்தில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் நீங்கள் வாங்கும் இடத்தை தேடவேண்டியது கடைசி பக்கத்தில். கையெழுத்து போடும்போது நிறைய பேர் புரட்டாமல் விடும் பக்கமும் அதுதான்.

அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்கவேண்டும். அதில் பெரும்பாலும் ஏ, பி, சி என்று மூன்று ஷெட்யூல் போடுவார்கள். ஏ ஷெட்யூலில் மொத்த இடமும் இருக்கும். பி ஷெட்யூலில் அதில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பாகம் இருக்கும். சி ஷெட்யூலில் வீடு இருக்கும். 'மோர் ஃபுல்லி டிஸ்கிரைப்டு இன் ஷெட்யூல் ஏ' என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு, "ரெண்டு ஏக்கர்ல நமக்கும் பங்கு" என்று சந்தோஷப்பட்டால் எப்படி? பி ஷெட்யூலில் அது 300 சதுர அடியாக சுருங்கி இருக்கலாம். 'மோர் ஃபுல்லி' எந்த ஷெட்யூலுக்கு கை காட்டுகிறது என்று பார்ப்பது முக்கியம்.

ஒரே வரியில் மோரும் லெஸ்ஸும்

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'மோர் ஃபுல்லி' என்று மார்தட்டும் அதே பத்திரத்தில் பரப்பளவு வரும் இடத்தில் 'மோர் ஆர் லெஸ்' என்றும் எழுதுவார்கள். அதாவது 'கூடவோ குறையவோ'. முழு விவரம் தருகிறேன் என்று சொன்ன வாயே அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றும் சொல்கிறது.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த தந்திரம் என்று நினைக்க வேண்டாம். சோழர் கால நில விற்பனை கல்வெட்டுகளிலேயே நான்கு பக்க எல்லையையும் வரிசையாக சொல்லிவிட்டு, அந்த எல்லைக்குள் அகப்பட்ட நிலத்தை 'மிகுதிக்குறைமை உள்ளடங்க' விற்றதாக எழுதும் வழக்கம் இருந்திருக்கிறது. எல்லைக்கு உள்ளே கூடுதல் இருந்தாலும் குறைவு இருந்தாலும் அதுவும் சேர்த்திதான் என்று அர்த்தம். கயிறும் கோலும் வைத்து அளந்த காலத்தில் அது நேர்மையான பேச்சு.

எல்லை ஒன்றும் அளவு ஒன்றுமாக இருந்தால் பொதுவாக எல்லைக்கே முதல் மரியாதை என்பது இன்றைக்கும் நம் நீதிமன்றங்கள் கடைப்பிடிக்கும் வழி. ஆனால் இதுவும் கல்லில் செதுக்கிய விதி அல்ல. சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசி விற்றது போன்ற சூழ்நிலைகளில், ரெண்டு தரப்பும் எதை நினைத்து எழுதினார்கள் என்பதையும் கோர்ட்டு பார்க்கும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அரை கிரவுண்டு மனையில் ரெண்டு அடி அகலம் குறைந்தாலே ஒரு ரூம் சுவர் போய்விடும். 'மோர் ஆர் லெஸ்' என்று எழுதியிருக்கிறதே என்று சமாதானம் சொன்னால் வயிறு எரியத்தான் செய்யும்.

குறை இருந்தால் கைகொடுக்கும் 'மோர்'

ஆங்கில பத்திரத்தில் இதே ஜாதியை சேர்ந்த இன்னொரு சொல்லும் உண்டு. 'மோர் பெர்ஃபெக்ட்லி' என்பது அது. விற்பவர் கொடுக்கும் வாக்குறுதிகள் வரிசையில் கடைசியில் வரும். வாங்குபவர் கேட்டால், அவர் செலவிலேயே, இந்த சொத்தை அவருக்கு 'மோர் பெர்ஃபெக்ட்லி' உறுதி செய்துகொடுக்க தேவையான பத்திரங்களை எழுதிக்கொடுப்பேன் என்பதுதான் அந்த வாக்குறுதி. பெரும்பாலும் விற்பவரின் வாரிசுகளையும் சேர்த்தே எழுதுவார்கள்.

பள்ளிக்கூட விதிப்படி பார்த்தால் இது தப்பு. 'பெர்ஃபெக்ட்' என்றால் குறையே இல்லாதது. குறையே இல்லாததை இன்னும் குறையில்லாமல் எப்படி செய்வது?

ஆனால் அந்த கொத்தனார் விஷயத்துக்கு வருவோம். மனை இருப்பது சர்வே எண் 100/2ஏ. டைப் அடித்தவர் கைதவறி 100/2பி என்று அடித்துவிட்டார். பதிவும் முடிந்துவிட்டது. கொத்தனார் குடியிருப்பது 2ஏ. பத்திரம் சொல்வது 2பி. பட்டா பெயர் மாற்றத்துக்கு தாலுகா ஆபீசுக்கு போனால் மனு நிற்கும். வீட்டுக்கடனுக்கு பேங்க்கில் கொடுத்தால் வக்கீல் பத்திரத்தை திருப்பி அனுப்புவார். ஒரே ஒரு எழுத்துதான்.

அப்போது அவர் கையில் எடுக்கவேண்டியது இந்த 'மோர் பெர்ஃபெக்ட்லி' வரியைத்தான். "நீங்க எழுதிக்கொடுத்த பத்திரத்துல குறை இருக்கு. சரி பண்ணி தர்றேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, வாங்க" என்று விற்றவரை கூப்பிடலாம். ரெண்டு பேரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு போய் பிழைத்திருத்தல் பத்திரம் போடவேண்டும். விற்றவர் வர மறுத்தால் 1963-ம் ஆண்டு குறித்தவகை நிவாரண சட்டத்தின் 26-வது பிரிவின்படி சிவில் கோர்ட்டில் திருத்தம் கேட்கலாம். ரெண்டு தரப்பும் சேர்ந்து செய்த தவறு அல்லது மோசடி காரணமாக பத்திரம் உண்மையான எண்ணத்தை காட்டவில்லை என்று அங்கே நிரூபிக்க வேண்டியிருக்கும்.

பத்திரம் எழுதினதுமே 'பெர்ஃபெக்ட்' ஆகிவிடும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இந்த வாக்குறுதிக்கே இடம் இருந்திருக்காது. மனுஷன் எழுதுவதில் குறை வரும் என்று தெரிந்துதான் பழைய காலத்து இங்கிலீஷ் வக்கீல்கள் அந்த 'மோர்' சொல்லை போட்டு வைத்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் வாத்தியாரைவிட வக்கீல் பக்கம்தான் நியாயம் அதிகம்.

அமெரிக்காவிலும் இதே பஞ்சாயத்து உண்டு. 1787-ல் எழுதப்பட்ட அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் முகவுரையிலேயே 'மோர் பெர்ஃபெக்ட் யூனியன்' என்று வருகிறது. 'பெர்ஃபெக்ட்டுக்கு ஏது மோர்?' என்று கேட்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அதற்கு முன்பு 13 மாநிலங்களும் 1781 முதல் வேறொரு ஒப்பந்தத்தின் கீழ் ஒன்றாக இருந்தன. அந்த கூட்டு சரியாக ஓடவில்லை. அதைவிட குறை குறைந்த ஒரு கூட்டு வேண்டும் என்பதுதான் அந்த 'மோர்' சொல்லுக்கு அர்த்தம். 2008-ம் ஆண்டு மார்ச் மாதம் பிலடெல்பியாவில் ஒபாமா இனப்பிரச்சினை பற்றி பேசிய பிரபலமான பேச்சுக்கு தலைப்பே அந்த சொற்கள்தான்.

எதற்கு 'மோர்' ஒட்டாது?

அப்படியானால் எந்த சொல்லுக்கும் 'மோர்' போட்டுக்கொள்ளலாமா? முடியாது. அதே பத்திரத்திலேயே அதற்கும் சாட்சி இருக்கிறது.

சொத்தை 'அப்சல்யூட்லி', 'ஃபார் எவர்' விற்றுவிட்டேன் என்று எழுதுவார்கள். தமிழ் பத்திரத்தில் 'சர்வ சுதந்திர பாத்தியமாய்', 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்று வரும். 'மோர் அப்சல்யூட்லி' விற்றேன், 'மோர் ஃபார் எவர்' விற்றேன் என்று எழுதிய பத்திரத்தை தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

வித்தியாசம் என்ன என்றால், விவரத்தை அரைகுறையாக சொல்ல முடியும். அதனால் இன்னும் முழுசாகவும் சொல்ல முடியும். காரியத்தை அரைகுறையாக முடிக்க முடியும். அதனால் இன்னும் குறையில்லாமலும் முடிக்க முடியும். ஆனால் 'எப்போதைக்கும்' என்பதில் பாதி ஏது? திருவிடந்தை பெருமாளுக்கு தினந்தோறும் கல்யாணம் என்பதால்தான் நித்யகல்யாண பெருமாள். 'இன்னும் நித்யமாக' என்று எந்த பட்டரும் சொல்லமாட்டார்.

ஒரு சொல்லுக்கு முன்னால் 'அரைகுறையாக' என்ற நிலையை நினைத்து பார்க்க முடிந்தால் 'மோர்' ஒட்டும். முடியாவிட்டால் ஒட்டாது. எல்லா இடத்திலும் பொருந்தும் என்று சொல்ல முடியாவிட்டாலும் அன்றாட இங்கிலீஷுக்கு இந்த கணக்கு போதும். 'மோர் கரெக்ட்லி', 'மோர் எக்ஸாக்ட்லி', 'மோர் கம்ப்ளீட்லி' எல்லாம் இதில் பாஸ் ஆகிவிடும்.

'மோர்' போட்டே ஆகவேண்டும் என்றும் இல்லை. 'ஷெட்யூலில் விவரிக்கப்பட்ட' என்று மட்டும் எழுதினாலே போதும் என்று எளிய நடையை விரும்பும் சட்டக்காரர்கள் சொல்கிறார்கள். அப்படி எழுதினால் சட்டப்படி எதுவும் குறைந்துவிடாது.

'முழு' விவரத்தில் வராதவை

ஷெட்யூல் எவ்வளவு 'மோர் ஃபுல்லி'யாக இருந்தாலும் அது சொல்லாத விஷயங்கள் உண்டு. இடம் கோவில் நிலமா, புறம்போக்கா, அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவா, கடலோர ஒழுங்குமுறை பகுதிக்குள் வருகிறதா என்பதை ஷெட்யூலை மட்டும் பார்த்து கண்டுபிடிக்க முடியாது. கோவில் நிலம், அரசு நிலம், அங்கீகாரம் இல்லாத மனை போன்றவற்றை பதிவு செய்ய மறுக்கும் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் 2016-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பதிவான பழைய பத்திரங்களை வைத்து வாங்குகிறவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை பார்க்கவேண்டும்.

ஷெட்யூலில் உள்ள சர்வே எண், உட்பிரிவு எண்ணை பட்டாவோடும், 'அ' பதிவேட்டோடும், புலப்படத்தோடும் வைத்து பார்க்கவேண்டும். எல்லைகளை இடத்தில் நேரில் நின்று சரிபார்க்கவேண்டும். வில்லங்க சான்றில் வரும் விவரமும் முந்தைய பத்திரத்தின் ஷெட்யூலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். பத்திரத்தில் சொல்லும் வரைபடம் பின்னால் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனிக்கவேண்டும். இங்கிலீஷ் புரியாதவர்கள் பத்திரத்தை தமிழிலேயே எழுதச்சொல்லலாம். தமிழ் பத்திரத்தை பதிவு செய்ய எந்த தடையும் கிடையாது. "இங்கிலீஷ்ல இருந்தாதான் பேங்க்ல எடுப்பாங்க" என்று யாராவது சொன்னால் எந்த பேங்க் என்று திருப்பி கேளுங்கள்.

ஆங்கில பத்திரங்களை புரட்டினால் இந்த ரெண்டு சொல்லையும் ஒட்டி 'மோர்ஃபுல்லி' என்று ஒரே சொல்லாக அடித்திருப்பதை நிறையவே பார்க்கலாம். டிக்ஷனரியில் தேடினால் அப்படி ஒரு சொல் கிடையாது. ஆனாலும் ஒரு பத்திரத்தை பார்த்து இன்னொன்று, அதை பார்த்து இன்னொன்று என்று டைப் அடித்து அடித்து அது ஊர் முழுக்க பரவிவிட்டது. உட்பிரிவு எழுத்து ஏ, பி மாறிப்போவதும் பல சமயம் இப்படி பழைய பத்திரத்தை அப்படியே காப்பி அடிப்பதால்தான்.

அந்த தவறை சரி செய்ய போடும் பிழைத்திருத்தல் பத்திரத்திலும் ஒரு ஷெட்யூல் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் அதிலும் அநேகமாக அதே 'மோர்ஃபுல்லி'தான் வரும்.